ஜாயா மாவத்தை என்பது வெறும் ரோட்டுப் பெயரா?



போன கிழமை பத்தாம் வகுப்பில் சுதந்திரம் பற்றிய பாடம். முதலாவது அமைச்சரவையில் இருந்தவர்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டு வந்தோம். டி.பி. ஜாயா என்றதும் பின்வாங்கில் இருந்து ஒரு பிள்ளை, "சேர், அது மருதானைப் பக்கம் இருக்கிற ரோட்டுப் பேர்தானே?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. எங்களுக்குச் சிரிக்க முடியவில்லை. ஒருகொடவத்தைச் சந்தியில் பஸ் ஏறி, தெமட்டகொடையைத் தாண்டி மருதானையில் இறங்கிப் படித்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். பழைய டார்லி வீதிக்கு ஏன் அந்தப் பெயர் வைத்தார்கள் என்று நாமே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தக் கடனைத் தீர்க்கத்தான் இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

துவான் புர்ஹானுத்தீன் ஜாயா 1890 ஜனவரி முதலாம் திகதி கண்டி மாவட்டத்தில் கலகெதரையில் பிறந்தவர். மலாய் இனத்தவர். அதாவது சிறுபான்மைக்குள்ளும் சிறுபான்மை. அன்றைய இலங்கையில் முஸ்லிம்கள் நூற்றுக்கு ஆறேழு பேர். அதில் மலாய்க்காரர் ஒரு சிறு பிடி. நம்மைப் போல வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவர் அல்ல. அப்படிப்பட்ட ஒருவர்தான் பிற்காலத்தில் சோனகரும் மலாயரும் சேர்ந்த ஒரு சமூகத்துக்கே குரலாக நின்றார்.

அவர் படித்த புனித தோமையர் கல்லூரி அப்போது கல்கிசையில் இல்லை. 1918வரை அது நமக்குப் பக்கத்தில், முகத்துவாரத்தில்தான் இருந்தது. ஜாயா நடந்து திரிந்தது இந்த வட கொழும்புத் தெருக்களில்தான் என்று சொன்னால் பிள்ளைகளுக்கு ஆச்சரியமாக இருக்கும்.

படிப்பு முடிந்ததும் ஆசிரியரானார். எங்கே? கண்டி தர்மராஜா, மொறட்டுவை வேல்ஸ் இளவரசர் கல்லூரி, கொழும்பு ஆனந்தா. இவற்றில் இரண்டு பௌத்தக் கல்லூரிகள். 1915ஆம் ஆண்டுக் கலவரத்தில் நம்மவர்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் பட்ட பாட்டை மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தக் காலத்து மனிதர் இவர். பௌத்தப் பிள்ளைகளுக்குப் படிப்பித்த கையோடுதான் நம் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்தார்.

1921 செப்டம்பரில் அவர் மருதானை ஸாஹிராவின் அதிபரானார். சித்திலெப்பையும் வாப்பிச்சி மரிக்காரும் பாடுபட்டு 1892இல் தொடங்கிய கல்விக்கூடம் அது. முப்பது வருஷம் ஆகப்போகும் நேரத்திலும் அது தட்டுத்தடுமாறிக்கொண்டுதான் நின்றது. பிள்ளைகளின் தொகை நூறைக்கூடத் தொடவில்லை. ஆங்கிலம் படித்தால் ஈமான் போய்விடும் என்று பயந்த பெற்றோர் ஒரு பக்கம். பத்து வயதில் கடையில் நிறுத்தினால் போதும் என்று நினைத்த வாப்பாமார் இன்னொரு பக்கம். ஜாயா இருபத்தாறு வருஷம் அந்த நாற்காலியில் இருந்தார். அவர் எழும்பும்போது ஸாஹிரா நாட்டின் முன்னணிக் கல்லூரிகளில் ஒன்று. கம்பளையிலும் மாத்தளையிலும் அளுத்கமையிலும் கொம்பனித்தெருவிலும் அதன் கிளைகள் எழுந்தன.

இனி அரசியலுக்கு வருவோம். அதிபராகி மூன்றே வருஷத்தில், 1924இல், அவர் சட்டநிரூபண சபைக்குத் தெரிவானார். அப்போது முஸ்லிம்களுக்கென்று மூன்று ஆசனங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. எச்.எம். மாக்கான் மாக்கார், என்.எச்.எம். அப்துல் காதர், ஜாயா ஆகிய மூவரும் அவற்றில் அமர்ந்தார்கள். டொனமூர் ஆணைக்குழு வந்தது. எல்லோருக்கும் வாக்குரிமை தந்தது. அதே கையால் இனவாரி ஆசனங்களை எடுத்தது. நாடெங்கும் சிதறி வாழும் சமூகம் இப்படியான தேர்தலில் காணாமல் போய்விடும் என்று ஜாயா எச்சரித்தார். அந்தப் பயம் வீண் பயம் அல்ல. 1936இல் அமைந்த அமைச்சர் சபையில் ஏழு அமைச்சர்களும் சிங்களவர்கள். ஜாயாவே நியமன உறுப்பினராகத்தான் அரசாங்க சபைக்குள் போக வேண்டியிருந்தது.

ஆகவே அவர் தன் சமூகத்தின் பங்கைக் கேட்கத் தெரியாத மனிதர் என்று யாரும் சொல்ல முடியாது. இருபது வருஷம் அதைத்தான் கேட்டார். இதை மனதில் வைத்துக்கொண்டு 1945க்கு வாருங்கள்.

அந்த வருஷம் சுதந்திர இலங்கைக்கான சட்டமூலம் அரசாங்க சபைக்கு வந்தது. பக்கத்து இந்தியாவில் ஜின்னாஹ் சாஹிபின் முஸ்லிம் லீக் தனி நாடு கேட்டு நின்ற காலம். இங்கே ஜீ.ஜீ. பொன்னம்பலம் ஐம்பதுக்கு ஐம்பது கேட்டு வாதாடிய காலம். இலங்கை முஸ்லிம் லீக்கின் தலைவரான ஜாயா என்ன சொல்லப் போகிறார் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாட்டின் விடுதலைக்கு முன்னால் தன் சமூகத்தின் கோரிக்கையை ஒரு நிபந்தனையாக வைக்க மாட்டோம் என்ற கருத்தில் அவர் பேசினார். சட்டமூலத்தை ஆதரித்தார். அந்த வருஷம் நவம்பரில் சோல்பரி யாப்பை ஏற்கும் பிரேரணை 51க்கு 3 என்ற கணக்கில் நிறைவேறியபோதும் அவர் ஆதரவுப் பக்கம்தான். அடுத்த வருஷம் ஐக்கிய தேசியக் கட்சி உருவானபோது முஸ்லிம் லீக்கையும் அதற்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

1947 தேர்தலில் அவர் நின்றது மத்திய கொழும்பில். அது மூன்று உறுப்பினர் தொகுதி. தொழிலாளர் தலைவர் ஏ.ஈ. குணசிங்க, கம்யூனிஸ்ட் கட்சியின் பீட்டர் கெனமன், ஜாயா ஆகிய மூவரும் வென்றார்கள். ஒரு சிங்களவர், ஒரு பறங்கியர், ஒரு மலாய் முஸ்லிம். கடைத்தெருவும் துறைமுகமும் தோட்டங்களும் கலந்த நம் பக்கத்து வாக்காளர்கள் அனுப்பிய மூன்று பேர் இவர்கள். டி.எஸ். சேனாநாயக்க அமைத்த அமைச்சரவையில் ஜாயா தொழில், சமூக சேவைகள் அமைச்சர் ஆனார்.

இதுவரை சொன்னது பெருமை. இனிச் சொல்வது கொஞ்சம் கசக்கும். ஆசிரியர்களாக அதையும் சொல்லாமல் விட முடியாது.

சுதந்திரம் கிடைத்த அதே 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. மலையகத் தோட்டங்களில் பரம்பரையாக உழைத்த இலட்சக்கணக்கான தமிழ் மக்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சரவையில் ஜாயாவும் இருந்தார். அதுவும் தொழில் அமைச்சராக. நாட்டின் மிகப் பெரிய தொழிலாளர் கூட்டம் வாக்கை இழக்கும் வழி திறந்தபோது தொழில் அமைச்சர் பதவியில் நீடித்தார் என்பது அவருடைய வாழ்க்கையின் ஒரு பகுதி. ஒரு சமூகத்துக்கு எதிராகப் பாகுபாடு காட்டும் சட்டம் செல்லாது என்று சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு சொன்னது. அந்தப் பிரிவு அவர்களைக் காப்பாற்றவில்லை. 1972இல் புதிய யாப்பு வந்தபோது அந்தப் பிரிவும் போய்விட்டது.

அப்படியானால் 1945இல் ஜாயா ஏமாந்தாரா? நிபந்தனை வைத்திருக்க வேண்டுமா? ஓய்வறையில் நாங்கள் பலமுறை வாதாடிய கேள்வி இது. எங்கள் முடிவு இது: அவர் வைத்த நம்பிக்கை தவறு அல்ல. நிபந்தனை வைத்தவர்களுக்கும் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் நம்பிக்கை வைத்தவர் அடுத்தவனின் உரிமை போகும்போதும் பேச வேண்டும். அந்த இடத்தில் அவர் குறைந்துபோனார். இரண்டையும் சேர்த்துத்தான் ஒரு மனிதரை மதிக்க வேண்டும். மலக்காக ஆக்கினால் பிள்ளைகள் அவரிடமிருந்து ஒன்றும் படிக்க மாட்டார்கள்.

1950இல் அவர் பதவியை விட்டு, பாகிஸ்தானுக்கான இலங்கையின் முதலாவது உயர்ஸ்தானிகராகக் கராச்சிக்குப் போனார். தனி நாடு கேட்ட லீக் உருவாக்கிய தேசத்துக்கு, தனியாக எதுவும் கேட்காத லீக்கின் தலைவர் தூதுவர். 1960இல் ஹஜ்ஜுக்குப் போன இடத்தில், மே 31ஆம் திகதி மதீனாவில் வஃபாத்தானார். ஜன்னத்துல் பகீயில் அடக்கம் செய்யப்பட்டார். எழுபது வயது.

அவர் விட்ட அதிபர் கதிரைக்கு 1948இல் வந்தவர் ஏ.எம்.ஏ. அஸீஸ். இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதலாவது முஸ்லிம். அந்தப் பெரிய உத்தியோகத்தை உதறிவிட்டு ஒரு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். ஜாயா பள்ளிக்கூடத்திலிருந்து அமைச்சுக்குப் போனார், அஸீஸ் அரச பதவியிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வந்தார். அந்தக் காலத்தில் அதிபர் கதிரையை அமைச்சர் கதிரையை விடச் சிறியது என்று நம்மவர்கள் நினைக்கவில்லை.

நம் பக்கத்துக்கு வருவோம். தேர்தல் வந்தால் கொடியும் கூட்டமும் குறைவில்லை. ஆனால் சாதாரண தரத்தோடு நின்று, கண்டெய்னர் யார்ட்டிலும் த்ரீவீலிலும் நாள் கூலிக்குப் போகும் பையன்களை நாங்கள் ஒவ்வொரு வருஷமும் வகுப்பிலிருந்து இழக்கிறோம். உழைப்பு கேவலம் அல்ல. படிக்க விருப்பமுள்ள பிள்ளை வெள்ளத்தில் புத்தகம் போனதற்காகவும் ட்யூஷன் காசு இல்லாததற்காகவும் நிற்கக் கூடாது என்றுதான் சொல்கிறோம். ஜாயா பேசியபோது சபை காது கொடுத்தது. ஏன்? அவருக்குப் பின்னால் எத்தனை வாக்கு என்பதற்காக மட்டுமல்ல. அவருக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடம் நின்றது.

அடுத்த முறை வாக்குக் கேட்டு யார் வாசலுக்கு வந்தாலும், "எந்தக் கட்சி?" என்பதற்கு முன் "எந்தப் பள்ளிக்கூடத்துக்கு என்ன செய்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பள்ளிவாசல் ஜமாஅத்தும் பழைய மாணவர்களும் சேர்ந்து, இந்த வருஷம் நின்றுபோன பிள்ளைகளில் ஐந்து பேரையாவது உயர்தர வகுப்புக்குத் திருப்பி அனுப்ப முடியுமா என்று யோசியுங்கள். உங்கள் வாப்பா, பாட்டன்மார் 1947 தேர்தலைப் பற்றிச் சொன்ன கதைகள் இருந்தால் எழுதி அனுப்புங்கள். வகுப்பில் வாசித்துக் காட்டுவோம்.

அந்தப் பின்வாங்குப் பிள்ளைக்கு இப்போது ஜாயா யார் என்று தெரியும். மர்ஹூம் ஜாயா அவர்களின் நற்செயல்களை அல்லாஹ் ஏற்று, பிழைகளை மன்னிப்பானாக. ஆமீன்.