செந்தேள் விஷத்தில் ஆராய்ச்சிக் கருவி! பெயரிலேயே 'தமிழ்' உள்ள தேள் பற்றித் தெரியுமா?

திருவண்ணாமலை மாவட்டம் கலசப்பாக்கம் பக்கம் விறகை எடுப்பவர்கள் ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார்கள். காரணம், தேள் பயம். பெரிய கருந்தேளை விட, சின்னதாக இருக்கும் செந்தேள்தான் ஆபத்து. ஆனால், இதே செந்தேளின் விஷம் உலகம் முழுக்க ஆய்வகங்களில் உதவுகிறது. எப்படி?

பெயரில் தமிழ்

செந்தேளின் அறிவியல் பெயர் 'ஹொட்டன்டோட்டா தமுலஸ்'. 'தமுலஸ்' என்பது தமிழைக் குறிக்கும் சொல். 1798-ல் டென்மார்க் விலங்கியல் அறிஞர் ஃபேப்ரிசியஸ் வைத்த பெயர் இது.

அயன் சேனல் என்றால் என்ன?

ஏரிக்கு மதகு மாதிரி, நம் உடம்பின் செல்களுக்கும் நுண்ணிய மதகுகள் உண்டு. சோடியம், பொட்டாசியம், கால்சியம் அயனிகள் இவற்றின் வழியாகப் போய்வருவதால்தான் இதயம் துடிக்கிறது, நரம்பு வேலை செய்கிறது.

விஷம் என்ன செய்யும்?

செந்தேள் விஷத்தின் சில நச்சுகள் சோடியம் மதகைச் சரியாக மூடவிடாது. நரம்புகள் ஓயாமல் தூண்டப்படும். ரத்த அழுத்தம் எகிறும், இதயம் திணறும், நுரையீரலில் நீர் கோக்கும்.

விஞ்ஞானிகளுக்கு எதற்கு?

அதே விஷத்தில் பொட்டாசியம் மதகை அடைக்கும் பெப்டைடுகளும் (குட்டிப் புரதங்கள்) உள்ளன. 1990-ல் அறிவிக்கப்பட்ட 'ஐபீரியோடாக்சின்' அதில் ஒன்று. வெறும் 37 அமினோ அமிலங்கள் கொண்ட இது, 'பிகே' என்ற ஒரு வகை மதகைத் தேடிப்பிடித்து அடைக்கும்.

பல மதகுகளில் எது என்ன வேலை செய்கிறது என்று அறிய, ஒன்றை மட்டும் மூடிப் பார்த்தால் போதும் அல்லவா? அப்படி மூடியபோது ரத்தக் குழாய் சுருங்கியது. குழாயைத் தளர்வாக வைக்க இந்த மதகு உதவுவது தெரிந்தது. 2002-ல் வெளியான 'தமாபின்', மூளை நரம்புகளில் உள்ள 'எஸ்கே' மதகுகளை ஆராய உதவுகிறது.

இப்போது இதற்காகத் தேளைப் பிடிக்க வேண்டியதில்லை. இந்தப் பெப்டைடுகளை ஆய்வகத்திலேயே தயாரிக்க முடியும். ஆனால் இவை ஆராய்ச்சிக் கருவிகள்தான். தேள் விஷத்தை மருந்து என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம்.

உயிர் காத்த மாத்திரை

மகாராஷ்டிராவின் மகாட் ஊரைச் சேர்ந்த டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், ரத்த அழுத்த மாத்திரையான 'பிரசோசின்' செந்தேள் கடிக்குக் கைகொடுப்பதைக் காட்டினார். சுருங்கிய ரத்தக் குழாயை இது தளர்த்தி, இதயத்தின் சுமையைக் குறைக்கும். 2022-ல் அவருக்கு பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

தேள் கொட்டினால்?

வியர்த்துக் கொட்டுவது, வாந்தி, கை கால் சில்லிடுவது, மூச்சுத்திணறல் ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம். கடித்த இடத்தைக் கீறுவது, இறுக்கிக் கட்டுவது, மந்திரிக்கப் போவது எதுவும் வேண்டாம். அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்க. அவசரத்துக்கு 108.