சமூகப்பணிப் படிப்பும் நம் பிள்ளைகளின் விண்ணப்பமும்



மறைந்த தோழரின் நினைவாக நடக்கும் இந்தப் பொழிவில் ஒரு விண்ணப்பப் படிவத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் அந்தப் படிவத்துக்குப் பின்னால் ஏறக்குறைய 90 ஆண்டு வரலாறு இருக்கிறது. அதில் நாம் எங்கே நிற்கிறோம் என்பதே இன்றைய பேச்சு.

ஒவ்வொரு மே மாதமும் பவானியில் நம் தெருப் பிள்ளைகளுக்கு மேற்படிப்பு விண்ணப்பங்களை நிரப்பித் தருகிறோம். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, மதிப்பெண் பட்டியல் என்று இ-சேவை மையத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் நடப்பதிலேயே பாதி மாதம் போய்விடும். அப்படி ஒருமுறை எம்.எஸ்.டபிள்யூ. படிக்க விரும்பிய ஒரு தங்கை வந்தார். அப்பா ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி, அம்மா காட்டு வேலைக்குப் போகிறவர். "சமூகப்பணியை ஏன் தேர்ந்தெடுக்கிறீர்கள்?" என்ற கேள்விக்கு, "ஏழை எளிய மக்களுக்குச் சேவை செய்ய விரும்புகிறேன்" என்று எழுதியிருந்தார்.

"அந்த ஏழை எளிய மக்கள் யாரு கண்ணு?" என்று கேட்டோம்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நாமதானுங்கண்ணா" என்றார்.

தன்னையே வெளியிலிருந்து பார்த்து, தனக்கே சேவை செய்வதாக ஒரு பெண் எழுத வேண்டியிருக்கிறது. இந்த மொழியை அவருக்குக் கற்றுத் தந்தது யார்? அதற்கு வரலாற்றுக்குள் போக வேண்டும்.

இந்தியாவில் சமூகப்பணியைத் தொழில்முறைப் படிப்பாகத் தொடங்கியது பம்பாய். 1936இல் சர் டோராப்ஜி டாடா பட்டதாரிச் சமூகப்பணிப் பள்ளி திறக்கப்பட்டது. நாக்பாடா பகுதியில் சமூக மையம் நடத்திவந்த அமெரிக்க மிஷனரி கிளிஃபோர்ட் மான்ஷார்ட் அதன் முதல் இயக்குநர். அதுவே 1944இல் டாடா சமூக அறிவியல் நிறுவனம் என்று பெயர் மாறியது, 1964இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. பெயரிலேயே 'பட்டதாரி' என்ற சொல் இருந்ததைக் கவனியுங்கள். 1936இல் நம் மக்களில் எத்தனை பேர் பட்டதாரி? யாருடைய வாழ்க்கையைச் சீர்செய்ய அந்தப் படிப்பு தொடங்கியதோ, அவர்களில் மிகப் பெரும்பாலோர் அதன் வாசற்படியில்கூட நிற்க முடியாது.

அதே 1936. அதே பம்பாய். லாகூர் மாநாட்டில் பேச அழைத்துவிட்டுப் பின்வாங்கினார்கள் என்பதால், 'சாதி ஒழிப்பு' உரையை பாபாசாகேப் அம்பேத்கர் தம் சொந்தச் செலவில் அச்சிட்டார். அந்த மே மாத இறுதியில் பம்பாயில் மகர் மாநாட்டைக் கூட்டி, மதமாற்றம் ஏன் தேவை என்று விளக்கினார். ஆகஸ்டில் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். ஒரே நகரத்தில், ஒரே ஆண்டில், சமூகத்தை மாற்றுவதற்கு இரண்டு பாதைகள் திறந்தன. ஒன்று படிப்பாகிப் பட்டம் தந்தது. மற்றொன்று இயக்கமாயிற்று. பல்கலைக்கழகம் நெடுங்காலம் முதலாவதை மட்டுமே 'சமூகப்பணி' என்று அழைத்தது.

ஆனால் அம்பேத்கர் சமூகப்பணியைப் பற்றி நேரடியாகவே எழுதியிருக்கிறார். பூனா ஒப்பந்தத்துக்குப் பின் உருவான தீண்டாமை எதிர்ப்புக் கழகத்தின் செயலாளர் ஏ.வி. தக்கருக்கு, 1932 நவம்பரில் கப்பல் பயணத்தின்போது அவர் எழுதிய கடிதம் அது. ஒடுக்கப்பட்டோரை உயர்த்த இரண்டு வழிகள் உண்டு என்கிறார். தனிமனிதரின் ஒழுக்கமே அவருடைய நிலைக்குக் காரணம் என்று நம்பி மதுவிலக்கு, உடற்பயிற்சி, நூலகம், பள்ளி என்று போவது ஒன்று. சூழலே காரணம் என்று உணர்ந்து அந்தச் சூழலை மாற்றுவது மற்றொன்று. கிணறு, பள்ளிக்கூடம், சாவடி, பொதுப் போக்குவரத்து ஆகியவற்றில் குடியுரிமையை நிலைநாட்டுவது, வேலையில் சமவாய்ப்பு, சமூகக் கலப்பு என்று இரண்டாவது வழிக்கு அவர் திட்டமே தருகிறார். இந்த வேலைக்கு ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்தே ஊழியர்களை எடுக்க வேண்டும், அவர்களுக்குத்தான் இது கூலி வேலையாக இராது என்றும் வாதாடுகிறார். அந்தக் கடிதம் கிடைத்தது என்ற பதில்கூட வரவில்லை என்று பின்னால் பதிவு செய்தார். அந்தக் கழகம்தான் பிறகு ஹரிஜன் சேவக் சங்கம் ஆயிற்று.

பம்பாய்ப் பள்ளிக்கு நான்கு ஆண்டுகள் முந்தையது அந்தக் கடிதம். யார் சமூகப் பணியாளர், எது சமூகப்பணி என்ற இரண்டு கேள்விக்கும் அதில் விடை இருக்கிறது. எம்.எஸ்.டபிள்யூ. வகுப்பின் முதல் நாளில் படிக்க வேண்டிய ஆவணம் என்று நாம் சொல்வோம்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். சென்னையில் 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவின் முயற்சியால் சமூகப்பணிப் பள்ளி தொடங்கியது. பிறகு மதுரை, திருச்சி, கோவை என்று படிப்பு பரவியது. ஆனால் நம் முன்னோர் இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. 1890களில் அயோத்திதாசப் பண்டிதரும் கர்னல் ஆல்காட்டும் காலத்தில் சென்னையில் பஞ்சமர் இலவசப் பள்ளிகள் எழுந்தன. சட்டசபையில் 1924இல் பொதுச்சாலை உரிமைக்கான தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் நிறைவேற்றினார். நம் கோவையின் ஆர். வீரையன் அதே சபையில் ஒடுக்கப்பட்டோருக்காகக் குரல் கொடுத்தார். அருந்ததியர் சமூகத்திலிருந்து போன எல்.சி. குருசாமி பிள்ளைகளுக்குப் பள்ளிகள் நடத்தினார். இவர்கள் யாரும் சமூகப்பணிப் பட்டம் பெற்றவர்கள் அல்ல. ஆனால் கிணற்றையும் சாலையையும் பள்ளியையும் திறந்ததைவிடப் பெரிய சமூகப்பணி எது?

அடுத்து, பணம். 1913இல் பரோடா மன்னர் மாதம் பதினொன்றரை பவுண்டு உதவித்தொகை தந்ததால்தான் அம்பேத்கர் கொலம்பியாவுக்குப் போக முடிந்தது. ஒரு மன்னரின் மனத்தை நம்பி ஒரு சமூகம் படிக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். வைஸ்ராய் குழுவில் உறுப்பினரானதும் 1942 அக்டோபரில் பட்டியல் சாதியினரின் குறைகளை மனுவாகத் தந்து, கல்வி நிதி கேட்டார். 1944இல் தொடங்கிய உதவித்தொகைத் திட்டமே இன்று நாம் வாங்கும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையின் வேர். அது சலுகை அல்ல, கேட்டுப் பெற்ற உரிமை.

அந்த உரிமை இன்றும் ஆட்டம் காண்கிறது. 2018 பிப்ரவரியில் டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் மும்பை, துல்ஜாப்பூர், ஹைதராபாத், குவஹாத்தி வளாக மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். உதவித்தொகை பெறும் எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு விடுதி, உணவுக் கட்டணத்தில் இருந்த ஆதரவு விலக்கப்பட்டதே காரணம். சமூகநீதியைப் பாடமாக நடத்தும் இடத்தில், அதை விடுதிக் கட்டணத்துக்காகத் தெருவில் கேட்க வேண்டியதாயிற்று. 2020 டிசம்பரில் ஒன்றிய அரசு 60, மாநில அரசு 40 விழுக்காடு என்ற பங்கீடு முடிவானது. குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு இரண்டரை லட்சம். இதையெல்லாம் விண்ணப்பிக்கும் பிள்ளை தெரிந்திருக்க வேண்டும். 'பணத்தை முதலில் கட்டு, உதவித்தொகை வந்தால் பார்க்கலாம்' என்று யாராவது சொன்னால், எந்த ஆணையின்படி என்று எழுத்தில் கேட்கத் தெரிய வேண்டும்.

இடஒதுக்கீடும் அப்படியே. தனியார் கல்வி நிறுவனங்களுக்கும் இடஒதுக்கீட்டை விரிக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 2006இல் வந்தது. சிறுபான்மை நிறுவனங்களுக்கு மட்டும் விலக்கு. 2009இல் பட்டியல் சாதியினரின் 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு கிடைத்தது. உள்வகைப்பாடு செல்லும் என்று 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. கொங்குப் பகுதியில் பண்ணையத்திலும் தோலிலும் துப்புரவிலும் கட்டிப்போடப்பட்ட ஒரு சமூகத்துக்கு இந்த 3 விழுக்காடு எத்தனை தலைமுறைப் போராட்டம் என்பது இந்த அரங்கில் பலருக்கும் தெரியும். சேர்க்கைப் பட்டியல் வெளிவரும் நாளில், அந்த இடங்கள் நிரம்பினவா என்று போய்ப் பார்க்கிறோமா? நம் அமைப்புகள் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

சேர்ந்த பிறகும் முடிவதில்லை. இந்தப் படிப்பில் களப்பணி கட்டாயம், கிராம முகாமும் உண்டு. முகாம் நடக்கும் ஊரில் நம் பிள்ளையிடம் "நீங்க எந்த ஊரு, யாரு வீடு?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியின் பொருள் கொங்கில் வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். வகுப்பில் அவர் மாணவர், ஊருக்குள் அவர் சாதி. நூற்பாலை விடுதிகளில் திருமணத் தொகைக்காக மூன்றாண்டு ஒப்பந்தத்தில் அடைபட்ட பெண்களைப் பற்றி ஆய்வு செய்யச் சொல்வார்கள். அவருடைய சொந்த அக்காவே அந்த விடுதியில் இருந்திருப்பார். மற்றவருக்கு அது 'களம்'. அவருக்கு அது வீடு.

இதைப் பலவீனமென்று நினைத்து மறைக்கும் பிள்ளைகளும் உண்டு. துயரத்தை மட்டும் அடுக்கிப் பரிதாபம் கேட்கும் பிள்ளைகளும் உண்டு. இரண்டும் வேண்டாம் என்கிறோம். தெருவிளக்குக்கு மனு எழுதினீர்களா? நின்றுபோன முதியோர் உதவித்தொகையை யாருக்காவது மீட்டுத் தந்தீர்களா? இரவுப் பாடசாலையில் கணக்குச் சொல்லிக் கொடுத்தீர்களா? அதைத் தேதியோடு, நடந்தபடி எழுதுங்கள். அது அனுபவம். 1932 கடிதம் கேட்ட ஊழியர் நீங்கள்தான்.

அந்தத் தங்கை முதல் வரியை அடித்துவிட்டு, தன் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் கேட்டு அம்மாக்களோடு நகராட்சிக்கு மூன்று முறை போனதை எழுதினார். நேர்காணலில், "இது சேவையா, போராட்டமா?" என்று கேட்டார்களாம். "எங்க தெருவுக்குத் தண்ணி வரோணும், அவ்வளவுதானுங்க" என்று சொன்னாராம். இடம் கிடைத்தது. கட்டணத்துக்கு அலைந்த கதை தனி.

மறைந்த தோழரின் நினைவுக்கு மாலை போட்டால் மட்டும் போதாது. வரும் மே மாதம் ஒவ்வொரு தெருவிலும் ஒரு மேசை போடுவோம். சான்றிதழ், படிவம், கட்டணம், சேர்க்கைப் பட்டியல் நான்கையும் கடைசிவரை பின்தொடர்வோம். பெயர் கொடுக்க விரும்பும் தோழர்கள் இன்றே கொடுங்கள்.

ஜெய்பீம்.