உடலற்ற கல்லறைகள்

முதல் உலகப்போருக்குப்பின் இங்கிலாந்தின் சிற்றூர்களில் எழுந்த நினைவுச் சின்னங்களைப் போர்ப்பெருமையின் அடையாளங்கள் என்றே நாம் எண்ணிவிடுகிறோம். வரலாறோ வேறொரு காரணத்தைக் காட்டுகிறது. மாண்டோரின் உடல்களைத் தாயகம் கொண்டுவருவது 1915இல் தடைசெய்யப்பட்டது. போர் முடிந்த பின்னரும் அத்தடை நீங்கவில்லை. செல்வர் மகனும் உழவர் மகனும் வீழ்ந்த அயல்மண்ணிலேயே அடக்கமாயினர். கடல் கடந்து செல்ல வகையற்ற தாய்க்கு ஊர்க்கல்லே மகனின் கல்லறையாயிற்று.

சோமர்செட் பகுதியிலுள்ள மெல்ஸ் சிற்றூர் இதற்குச் சான்று. அவ்வூர்ப் பெருநிலக்கிழாரின் வாரிசாகிய எட்வர்ட் ஹார்னர் 1917இல் பிரான்சில் வீழ்ந்தார், அவருடலும் திரும்பவில்லை. புதுடெல்லியில் இன்று குடியரசுத் தலைவர் மாளிகையாக விளங்கும் கட்டடத்தை வடிவமைத்த லட்யன்ஸ், மெல்ஸில் அமைத்த நினைவுத்தூண் 1921இல் திறக்கப்பட்டது. உச்சியில் வலுசர்ப்பத்தை வெல்லும் புனித ஜார்ஜ்; அடியில் மாண்ட ஊராரின் பெயர்கள்.

இங்கிலாந்தில் லட்யன்ஸ் அமைத்த 44 நினைவுச் சின்னங்கள் 2015இல் தேசியத் தொகுப்பாக அறிவிக்கப்பட்டன. மெல்ஸ் தூணும் அவற்றுள் ஒன்று. உரிய அனுமதியின்றி அதன் தன்மையை மாற்றுவது சட்டப்படி குற்றமாகும். இக்காப்பு நன்றே. தேய்ந்த எழுத்துகளைச் சிற்பி மீண்டும் செதுக்கலாம். அப்பெயர்கள் ஏன் அங்குள்ளன என்பதைச் சட்டம் எவருக்கும் உணர்த்தாது. ஆண்டுதோறும் நவம்பரில் அவற்றை உரக்க வாசிக்கும் சபையே அதை உணர்த்தவேண்டும். வெற்றிமுழக்கமாக வாசித்தால் கல் நிலைத்திருந்தும் அத்தாயின் துயரம் மறக்கப்படும். புலம்பலாக வாசிக்கும் சபையே அக்கல்லை உண்மையாய்க் காக்கிறது.