அரசனின் எலும்பும் தமக்கையின் வழியும்



1485இல் போஸ்வொர்த் போரில் மாண்டவர் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்ட். 2012இல் லெஸ்டர் நகரில் ஒரு வாகன நிறுத்துமிடத்தின் அடியில் எலும்புக்கூடு ஒன்று கிடைத்தது. அது அவருடையதுதானா?

உடன்பிறந்தோர் ஏறத்தாழ 50 விழுக்காடு மரபணுவைப் பகிர்ந்துகொள்கின்றனர். ஒன்றுவிட்ட சகோதரர்கள் சராசரியாக 12.5 விழுக்காடு. (மாமன் மகள், அத்தை மகன் திருமணம் வழிவழியாக நடந்த நம் குடும்பங்களில் இக்கணக்குக் கூடும்.) தலைமுறைதோறும் அப்பங்கு தேய்கிறது. ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் அதைத் தேடிப் பயனில்லை.

ஆகவே ஆய்வாளர்கள் மைட்டோகாண்ட்ரியா மரபணுவை நாடினர். அது தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வருவது. மகள் வழியாக மட்டுமே தொடர்வது. மன்னரின் தமக்கை ஆன் தொடங்கி, தாய்வழியே இறங்கிய இருவர் கண்டறியப்பட்டனர். ஒருவருடையது முற்றாகப் பொருந்தியது; மற்றவருடையதில் ஒரேயோர் இடத்தில் மட்டும் வேறுபாடு. பெண்களின் பெயர்களை எவரோ பொறுப்பாக எழுதி வைத்திருந்ததால் அன்றோ இது கைகூடிற்று! நம் குடும்பப் பட்டியல்களில் பாட்டியின் தாயார் பெயர் இருக்கிறதா?

தந்தை வழியோ பொருந்தவில்லை. ரிச்சர்டின் மூதாதையான மூன்றாம் எட்வர்டின் ஆண்வழியினர் என ஏடுகள் கூறிய ஐவரில் ஒருவரது ஒய் குரோமோசோமும் எலும்புக்கூட்டினுடையதோடு ஒத்துவரவில்லை. பெருமைமிகு அப்பட்டியலில் எங்கோ ஒரு தந்தையின் பெயர் மெய்யன்று. எந்தத் தலைமுறையில் என்பதை அச்சோதனையால் கூற இயலவில்லை.

ஆயினும் காலக்கணிப்பு, வளைந்த முதுகெலும்பு, போர்க்காயங்கள் அனைத்தையும் சேர்த்து எடைபோட்ட 2014ஆம் ஆண்டு ஆய்வு, அவர் ரிச்சர்டே என்பதற்குக் குறைந்தது 99.999 விழுக்காடு வாய்ப்புண்டு என்றது.