துணைப்பயிரும் இரகத் தேர்வும்: தக்காணத்தின் சோளம் – துவரைச் சாகுபடி வரலாறு (1964–1993)

முன்னுரை

தக்காணத்தின் மானாவாரி நிலங்களில் சோளத்தையும் துவரையையும் ஒரே வயலில் விதைப்பது நெடுங்கால வழக்கம். சோளம் விரைந்து வளர்ந்து முதலில் அறுவடைக்கு வரும். தொடக்கத்தில் மெல்ல வளரும் துவரை, சோளம் அகன்றபின் மண்ணில் எஞ்சிய ஈரத்தைக் கொண்டு கிளைத்துப் பூத்துக் காய்க்கும். எனினும், இவ்விரு பயிர்களின் புதிய இரகங்களும் பெரும்பாலும் தனிப்பயிர்ச் சோதனைகளின் வழியாகவே தேர்ந்தெடுக்கப்பட்டன. உழவரின் வயலுக்கும் ஆய்வு வயலுக்கும் இடையிலான இவ்வேறுபாடு இரக உருவாக்கத்தில் ஏற்படுத்திய விளைவுகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

குட்டைச் சோளத்தின் வருகை

1964இல் வீரிய ஒட்டுச் சோளமான சி.எஸ்.எச். 1 இந்தியாவில் வெளியிடப்பட்டது. உயரமும் நீண்ட வயதும் கொண்ட நாட்டு இரகங்களைவிட இது குட்டையானது, முன்னதாக முதிர்வது. தானிய விளைச்சலைப் பெருக்குவதே இதன் நோக்கம். துவரையைக் கருதி இது உருவாக்கப்படவில்லை. ஆயினும், இத்தகைய இரகங்கள் துவரையின்மீது விழும் நிழலைக் குறைத்தன. துவரை தனித்து வளரும் காலத்தை நீட்டின. தனிப்பயிருக்கென விரும்பப்பட்ட பண்பு ஊடுபயிருக்கும் துணைசெய்தது. ஆஸ்திரேலிய ஆய்வாளர் சி. எம். டொனால்டு 1968இல் கோதுமையை முன்வைத்து, அண்டைச் செடியோடு குறைவாகப் போட்டியிடும் செடியமைப்பே வயலுக்கு உகந்தது என வாதிட்டார். அக்கருத்தை வேற்றுப் பயிர்களின் கூட்டுக்கும் விரித்துப் பார்க்க இடமுண்டு.

அளவுகோலும் அதன் எல்லையும்

1972இல் ஐதராபாத்துக்கு அருகிலுள்ள பட்டான்செருவில் இக்ரிசாட் நிறுவனம் தோன்றியபின் ஊடுபயிர் முறை தனி ஆய்வுப்பொருளாயிற்று. 1980இல் மீட், வில்லி ஆகியோர் நிலச் சமான விகிதம் என்னும் கருத்தை விரிவாக விளக்கினர். ஒவ்வொரு பயிரின் ஊடுபயிர் விளைச்சலையும் அதன் தனிப்பயிர் விளைச்சலால் வகுத்துக் கூட்டுவதே இவ்விகிதம். சான்றாக, சோளம் 0.9, துவரை 0.6 எனில் மொத்தம் 1.5. ஆனால் சோளம் 0.6, துவரை 0.9 எனினும் அதே 1.5 தான். உணவுத் தானியத்துக்கும் தட்டைக்கும் சோளத்தை நம்பும் குடும்பத்துக்கு இவ்விரண்டும் ஒன்றல்ல.

நடைமுறைச் சிக்கலும் இருந்தது. 20 துவரை இரகங்களைத் தனிப்பயிராக மூன்று முறை சோதிக்க 60 பாத்திகள் போதும். அவற்றை 5 சோள இரகங்களோடு இணைத்தால் 300 பாத்திகள் வேண்டும். தனிப்பயிர்த் தேர்வு நீடித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

துவரையின் இரு வழிகள்

1986இல் பிரகதி என்னும் பெயரில் வெளியான ஐ.சி.பி.எல். 87 குறுகிய வயதுடையது, தனிப்பயிருக்கு ஏற்றது. சோளத்தோடு சேர்ந்தால், போட்டியிலிருந்து மீளப் போதிய காலம் இதற்கு வாய்ப்பதில்லை. 1993இல் வெளியான ஆஷா (ஐ.சி.பி.எல். 87119) வாடல் நோயையும் மலட்டுத் தேமல் நோயையும் தாங்குவதற்காகப் போற்றப்பட்டது. அதன் நடுத்தர வயதோ சோள அறுவடைக்குப் பிந்திய காலத்தைப் பயன்படுத்த உதவுவது. குறுகிய வயது எல்லாச் சூழலிலும் முன்னேற்றமாகாது என்பதை இவ்விரு இரகங்களின் ஒப்பீடு காட்டுகிறது.

முடிவுரை

சோளத்தின் உயரம் துவரையின் விளைச்சலை மாற்றியது. துவரையின் வயது கூட்டுப்பயிரின் பயனை வரையறுத்தது. எனவே, ஒரு பயிரின் இரக வரலாற்றை அதன் துணைப்பயிரிலிருந்து பிரித்து எழுதுவது குறைவுடையதாகும். தேர்வின் தொடக்கக் கட்டங்களைத் தனிப்பயிராக நடத்தினாலும், இறுதிக் கட்டத்திலேனும் துணைப்பயிரோடு சோதிப்பது மானாவாரி உழவரின் தேவைக்கு நெருக்கமானது என்பதே இவ்வரலாறு உணர்த்தும் முடிவு.