தகப்பனார் எழுதிய கடிதங்கள்

மேல்நாட்டுச் சங்கீதத்தில் எனக்கு ஞானம் அதிகமில்லை, கேட்பதோடு சரி. ஆனால் மோசார்ட்டும் அவர் தகப்பனாரும் எழுதிக்கொண்ட கடிதங்களைப் படித்தபோது, அதை நம் அங்கத்தினர்களோடு பகிர்ந்துகொள்ளத் தோன்றியது.

தகப்பனார் லியோபோல்ட் சால்ஸ்பர்க் நகரில் பேர்பெற்ற வயலின் வாத்தியார். 1756-ல், பிள்ளை பிறந்த அதே வருஷம், வயலின் போதனை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பிள்ளைக்கு அவரேதான் குரு.

1780 நவம்பரில் 'இடொமெனியோ' என்ற ஓபரா அமைக்கப் பிள்ளை ம்யூனிக் போனார். அதற்குப் பாட்டு எழுதிய வரெஸ்கோ பாதிரியாரோ சால்ஸ்பர்க்கில். ஆகவே ஒவ்வொரு திருத்தமும் தபாலில் அப்பாவுக்குப் போகும். அவர் பாதிரியாரின் முணுமுணுப்பையும் கேட்டுக்கொண்டு பதில் எழுதுவார்.

புயலில் சிக்கிய ஒரு ராஜா, கரையில் முதலில் எதிர்ப்படுபவரைப் பலியிடுவதாகக் கடல் தேவனுக்கு நேர்ந்துகொள்கிறார். எதிரே வருவது சொந்தப் பிள்ளை! கடைசியில் ஓர் அசரீரி அவனைக் காப்பாற்றுகிறது. ராஜா முடி துறந்து, பிள்ளை பட்டத்துக்கு வரவேண்டும் என்கிறது.

இந்த அசரீரி பற்றிய விவாதம்தான் ருசியானது. பேச்சு நீளமாக இருக்கிறது, ஹாம்லெட்டில் ஆவி குறைவாகப் பேசியிருந்தால் இன்னும் எடுபட்டிருக்கும் என்கிறார் பிள்ளை. அப்பா, கனத்த காற்று வாத்தியங்கள் மெல்ல எழும்பி அடங்கட்டும், பூமி அதிர்வது போலிருக்க வேண்டும் என்று யோசனை சொல்கிறார். பிள்ளை அந்த இடத்தை நான்கு விதமாக எழுதிப் பார்த்தார். சங்கீதம் தெரியாதவர்களையும் மனதில் வைத்துக்கொள் என்று அப்பா எச்சரித்ததற்கு, கழுதைக் காதுக்காரர்கள் தவிர எல்லோருக்கும் இதில் விஷயம் இருக்கிறது என்று குறும்பாகப் பதில் போகிறது.

பிரதான வேஷம் போட்ட 66 வயது ராஃப், நால்வர் பாடும் பாட்டை மாற்றச் சொன்னார். பிள்ளை அசையவில்லை.

சால்ஸ்பர்க் ஆர்ச்பிஷப்பிடம் பிள்ளை வாங்கியிருந்த லீவு ஆறே வாரம். மார்ச் வரை ம்யூனிக்கில்தான் இருந்தார்! என் சர்வீஸில் இப்படிச் செய்தவர்களுக்கு நானே மெமோ எழுதியிருக்கிறேன்.

1781 ஜனவரி 29-ல் அரங்கேற்றம். அப்பாவும் அக்காவும் வந்து கேட்டார்கள். மார்ச்சில் ஆர்ச்பிஷப் வியன்னாவுக்கு வரச் சொன்னார். சில மாதங்களில், அப்பா எவ்வளவோ தடுத்தும், பிள்ளை உத்தியோகத்தை உதறிவிட்டு அங்கேயே தங்கிவிட்டார். லியோபோல்ட் 1787-ல் காலமானார். வியன்னாவிலிருந்து பிள்ளை எழுதியவை நிறையவே இருக்கின்றன. அந்த வருஷங்களில் அப்பா அவருக்கு எழுதிய கடிதங்கள் மட்டும் கிடைக்கவில்லை.