கரைந்த எலும்பு மீளுமா? கடைவாய்ப் பல் சிகிச்சையில் திருவனந்தபுரம் ஆய்வகத்தின் பங்கு

திருவனந்தபுரம்: முற்றிய ஈறு நோயால் தாடை எலும்பு கரைந்து, ஆட்டம் காணும் கடைவாய்ப் பற்களைப் பிடுங்குவதே ஒரே தீர்வு என்ற நிலை மாறி வருகிறது. இழந்த எலும்பை மீண்டும் உருவாக்கும் மீளுருவாக்கச் சிகிச்சைக்குத் தேவையான செயற்கை எலும்புப் பொருள்களை உள்நாட்டிலேயே உருவாக்கியதில், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு முக்கியப் பங்கு உண்டு. 1990ஆம் ஆண்டு முதன்முதலாக நோயாளி ஒருவருக்குப் பொருத்தப்பட்ட உள்நாட்டு இதய வால்வால் பரவலாக அறியப்படும் இந்நிறுவனத்தின் பல் சார்ந்த பணி, வெளியில் அதிகம் பேசப்பட்டதில்லை.

பல்லின் அடியில் படியும் கிருமிப் படலமும் காரையும் ஈறுகளில் அழற்சியைத் தூண்டுகின்றன. கிருமிகளை எதிர்க்க உடல் நடத்தும் போராட்டமே பல்லைத் தாங்கும் எலும்பையும் கரைத்துவிடுகிறது. பெரும்பாலும் வலி இருப்பதில்லை என்பதால், பல் ஆடத் தொடங்கிய பின்னரே பலர் மருத்துவரை நாடுகின்றனர். உலகில் 100 கோடிக்கும் அதிகமானோர் கடுமையான ஈறு நோயால் பாதிக்கப்பட்டுள்ளதாக, உலக சுகாதார அமைப்பு 2022இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது.

இந்நோய்க்குக் கடைவாய்ப் பற்கள் எளிதில் இரையாவதற்கு அவற்றின் அமைப்பே காரணம். கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல்லுக்குப் பொதுவாக 2 வேர்களும் மேல்தாடைப் பல்லுக்கு 3 வேர்களும் உண்டு. வேர்கள் பிரியும் கவையில் எலும்பு கரைந்தால், அங்கே பல் துலக்கும் தூரிகை எட்டுவதில்லை. கவையின் வாய் பெரும்பாலும் 1 மி.மீ.க்கு மேல் அகலம் இல்லாததால், மருத்துவரின் சுரண்டும் கருவியே உள்ளே நுழையத் திணறுகிறது. சேதம் 3 மி.மீ.க்குள் இருந்தால் முதல் நிலை, அதைத் தாண்டியும் மறுபுறம் வரை எட்டாவிட்டால் இரண்டாம் நிலை, முழுவதும் துளைத்துச் சென்றுவிட்டால் மூன்றாம் நிலை எனப் பல் மருத்துவர்கள் வகைப்படுத்துகின்றனர்.

வேரைச் சுத்தம் செய்தால் மட்டும் எலும்பு தானாகத் திரும்புவதில்லை. காயம் ஆறும்போது ஈற்றின் மேற்தோல் விரைந்து வளர்ந்து வெற்றிடத்தை அடைத்துக்கொள்ள, மெதுவாக வளரும் எலும்புக்கும் பல்லைப் பிணைக்கும் நாருக்கும் இடமில்லாமல் போகிறது. இந்தப் போட்டியில் மேற்தோலைத் தடுத்து நிறுத்தினால் மற்றவை வளரும் என்பதை, 1982இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் ஒரு நோயாளியின் பல்லில் மெல்லிய தடுப்புச் சவ்வு வைத்து நிரூபித்தனர்.

சவ்வுடன் சேர்த்தோ தனியாகவோ, எலும்புப் பள்ளத்தை நிரப்பும் பொருளும் பயன்படுத்தப்படுகிறது. இது விதை அல்ல. கொடி படர நடும் பந்தல்கால் போன்றது. உலகச் சந்தையில் மாட்டு எலும்பிலிருந்து எடுத்த துகள்களும், பன்றியின் பல் முளையிலிருந்து பிரித்த புரதமும் புழக்கத்தில் உள்ளன. அவற்றை ஏற்கத் தயங்குவோருக்கு, முழுக்க முழுக்க வேதியியல் முறையில் தயாராகும் துகள்கள் மாற்றாக அமைகின்றன. எலும்பின் கனிமமான ஹைட்ராக்சிஅபடைட்டையும் அதனுடன் உயிர்ச்செயல் கண்ணாடியைச் சேர்த்த கலவையையும் சித்திரை நிறுவனத்தின் பூஜப்புரா உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு உருவாக்கியது. இத்தொழில்நுட்பத்தைப் பெற்ற கொல்கத்தா நிறுவனம் ஒன்று அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

அடுத்த கட்டமாக உருவானது கால்சியம் பாஸ்பேட் சிமெண்ட். பொடியை நீர்மத்துடன் குழைத்தால் மாவுபோல் ஆகும் இது, பள்ளத்தின் வடிவத்துக்கேற்பப் பொருந்தி அங்கேயே இறுகும். துகள்களைப் போலச் சிதறாது என்பதால், நிரப்பியாகவும் தடுப்பாகவும் ஒருசேரப் பயன்படும் என்று கருதப்பட்டது. இந்த சிமெண்ட்டை ஹைட்ராக்சிஅபடைட் துகள்களுடனும், சுத்தம் மட்டும் செய்யும் சிகிச்சையுடனும் ஒப்பிட்ட ஆய்வு 2009இல் வெளியானது. அதில் சிமெண்ட் வைக்கப்பட்ட இடங்களே சிறந்த பலன் காட்டின. எனினும் அந்த ஆய்வு எலும்புக்குள் அமைந்த பள்ளங்களைப் பற்றியது. அதன் முடிவை வேர்க் கவைக்கும் அப்படியே பொருத்த முடியாது.

கவைச் சேதத்தில் இரண்டாம் நிலைக்கே, அதிலும் கீழ்த்தாடைப் பற்களுக்கே இச்சிகிச்சை நன்கு பலன் தருகிறது. மேல்தாடையில் அடுத்த பல்லை நோக்கிய கவைகளில் பலன் குறைவு. மூன்றாம் நிலையில் வெற்றியை எதிர்பார்ப்பது கடினம். புகைப்பிடிப்போருக்கும், சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் முதலில் அவற்றைச் சரிசெய்யாமல் அறுவை சிகிச்சை செய்வது பணத்தை வீணாக்குவதாகவே முடியும்.

உணர்விழப்பு ஊசி போட்டு, ஈற்றைத் திறந்து செய்யப்படும் இந்த அறுவை சிகிச்சைக்குப் பின் சுமார் 6 மாதங்கள் வரை அந்த இடத்தில் அளவுகோலை நுழைத்துச் சோதிப்பதை மருத்துவர்கள் தவிர்க்கின்றனர். பின்னர் எடுக்கப்படும் எக்ஸ்ரேயில் பள்ளம் வெண்மையாக நிரம்பியிருப்பதைக் கண்டு நோயாளி மகிழ்வது இயல்பு. ஆனால், உள்ளே வைத்த துகள்களும் எக்ஸ்ரேயில் வெண்மையாகவே தெரியும். ஆகவே படத்தை மட்டும் நம்பாமல், ஈற்றின் ஆழம் எவ்வளவு குறைந்தது, பல் எந்த அளவுக்கு உறுதிப்பட்டது என்பதையும் அளந்த பிறகே மருத்துவர்கள் பலனை மதிப்பிடுகின்றனர்.